பின்னாலிருந்து எண்ணும் கணக்கு

1

1952ல் பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் உள்ள ராமநகரத்தில் ஒரு சோதனை தொடங்கியது. அந்த ஊரின் பாறைகளை நம்ம ஊர்க்காரர்கள்கூட 'ஷோலே' படத்தில் பார்த்திருப்பார்கள். அந்தப் படம் வருவதற்கு இருபது வருஷம் முன்னால் அங்கிருந்த பெண்களுக்கு மணிமாலை கொடுத்தார்கள். அது நகை இல்லை, நாட்காட்டி. பாதுகாப்பான நாட்களுக்குப் பச்சை மணி, கரு தரிக்கக்கூடிய நாட்களுக்குச் சிவப்பு மணி. தினமும் ஒரு மணியைத் தள்ளவேண்டும். சிவப்பு வந்தால் கணவனிடமிருந்து விலகி இருக்கவேண்டும். அவ்வளவுதான் கருத்தடை. மாத்திரை இல்லை, ரப்பர் இல்லை, கத்தி இல்லை.

சோதனையை வடிவமைத்தவர் ஆபிரகாம் ஸ்டோன் என்ற நியூயார்க் மருத்துவர். உலக சுகாதார நிறுவனம் வழியாக இந்திய அரசு அவரை அழைத்திருந்தது. ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் முன்னோட்டம் நடந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கியது 65 லட்சம் ரூபாய். ஒரு நாட்டின் அரசாங்கமே பிறப்பைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை அதிகாரபூர்வமாகக் கையில் எடுத்தது உலகத்திலேயே அநேகமாக அதுதான் முதல் தடவை. அப்போது ஆணுறை இருந்தது, டயஃப்ரம் இருந்தது, அறுவைச் சிகிச்சையும் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு அரசாங்கம் ஏன் மணிமாலையைப் பிடித்தது?

விடைக்கு 1935க்குப் போகவேண்டும். அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் அழைப்பில் இந்தியா வந்த மார்கரெட் சாங்கர், அந்த டிசம்பரில் வார்தாவுக்குப் போய் காந்தியைச் சந்தித்தார். கருத்தடைச் சாதனங்களை ஆதரிக்கச் சொல்லிக் கேட்டார். காந்தி மறுத்தார். கருத்தடை, கட்டுப்பாடில்லாத காமத்துக்கு வழிவிடும் என்பது அவர் நிலை. பெண்கள் கணவனிடம் 'வேண்டாம்' என்று சொல்லக் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார். பேச்சின் போக்கில் ஒரு சின்ன இடம் மட்டும் கொடுத்தார். மாதத்தில் சில நாட்கள் விலகியிருக்கும் 'பாதுகாப்பான நாட்கள்' முறையில் கொஞ்சமாவது சுயகட்டுப்பாடு இருக்கிறது, அதனால் மற்றவை அளவுக்கு அது தன்னை உறுத்தவில்லை என்றார். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியின் அணுக்கச் சீடர். வார்தாவில் கிடைத்த அந்தச் சின்ன இடத்துக்குள்தான் அவரால் ஒரு திட்டத்தைப் பொருத்த முடிந்தது. அதன் பெயர் 'இயற்கை முறை'.

அதே 1930களில் ஈரோட்டிலிருந்து இன்னொரு குரல் வந்துகொண்டிருந்தது. பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. நாட்டின் வறுமை, குழந்தைகளின் ஆரோக்கியம், குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பது என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களிலிருந்து தன்னை அவர் கவனமாகப் பிரித்துக்கொள்கிறார். அவருக்குக் காரணம் ஒன்றுதான்: பிள்ளைப்பேறு பெண்ணின் சுதந்திரத்துக்குத் தடையாக இருக்கிறது, அவள் சுயேச்சையாக வாழ அது தன் கையில் இருக்கவேண்டும்.

இந்த இரண்டு வாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண் மறுக்கவேண்டும் என்றார் ஒருவர். மறுக்கமுடியாத நிலையிலிருக்கும் பெண்ணுக்கும் ஒரு வழி வேண்டும் என்பது அடுத்தவர் வாதத்திலிருந்து வருவது. ராமநகரத்து மாலை முதலாவதை நம்பிச் செய்யப்பட்டது.

முடிவு என்ன ஆனது? கற்றுக்கொள்ள ஆர்வம் காட்டியவர்கள் நிறைய. கடைசிவரை பின்பற்றியவர்கள் மிகச் சிலர். ஐம்பதுகளின் நடுவிலேயே அரசாங்கம் வேறு முறைகளின் பக்கம் நகரத் தொடங்கிவிட்டது. மணியைத் தள்ளினாலே கரு நிற்காது என்று பெண்கள் நம்பினார்கள், இருட்டில் நிறம் தெரியவில்லை, குழந்தைகள் எடுத்து விளையாடிவிட்டார்கள் என்றெல்லாம் பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுப் புத்தகங்களில் இது ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே சுற்றுகிறது. படிக்காத பெண்கள், பாவம், புரியல. அந்தச் சிரிப்பின் தொனி எனக்கு ஒப்பவில்லை. மாலை தோற்றதற்கான காரணம் அவர்கள் படிப்பில் இல்லை. அது அந்தக் கணக்கின் உள்ளேயே இருக்கிறது.

2

எந்த நாட்களில் கரு தரிக்கும் என்பது பழைய கேள்வி. மாதவிடாய் தொடங்கியதிலிருந்து பதினாறு இரவுகள் என்றது மனுஸ்மிருதி. தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு சூத்திரம் உண்டு: பரத்தையிடம் போன தலைவனும்கூட மனைவியின் பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாட்கள் அவளைப் பிரிந்திருக்கக்கூடாது. உரையாசிரியர்கள் இதைக் கருத்தரிப்போடு சேர்த்தே விளக்கினார்கள். அகத்திணை படிக்கிறவர்கள் வேகமாகக் கடந்துபோகும் இடம் அது. பரத்தையிற் பிரிவுக்குக்கூட நாட்காட்டி போட்டுக்கொடுத்த இலக்கணம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர்கள் இன்னும் மோசம். விலங்குகள் பருவம் எய்தும்போது வரும் ரத்தக்கசிவை வைத்து, பெண்களுக்கும் மாதவிடாயை ஒட்டித்தான் கருமுட்டை வெளியேறும் என்று முடிவுகட்டினார்கள். ஆகவே மாதத்தின் நடுப்பகுதி பாதுகாப்பானது என்று அறிவுரை சொன்னார்கள். அதை நம்பிய குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட நேர்த் தலைகீழ்.

கணக்கை நிமிர்த்தியவர் ஜப்பானின் நீகதா நகரில் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த ஒகினோ கியூசாகு. வேறு காரணங்களுக்காக வயிற்று அறுவைக்கு வந்த பெண்களின் சூலகங்களைப் பார்த்து, அவர்கள் மாதவிடாய்த் தேதிகளோடு ஒப்பிட்டார். 1924ல் வெளியிட்ட அவருடைய முடிவு, எண்ணும் திசையையே மாற்றியது. கருமுட்டை வெளியேறும் நாளைப் போன மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணினால் பிடிபடாது. அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும், அதற்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு அது நடக்கிறது. ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் 1928ல் தனியாக இதே மாதிரியான முடிவுக்கு வந்தார்.

ஒரு நிமிஷம் இதில் நிற்கலாம். மாதச் சுழற்சியில் இரண்டு பாதிகள். கருமுட்டை வெளியேறுவதற்கு முந்தைய பாதி மிகவும் இழுபடும். காய்ச்சல், பயணம், தூக்கமின்மை, மனக்கவலை எதுவும் அதை நீட்டலாம். பிந்தைய பாதி அவ்வளவாக மாறாது. அப்படியென்றால் கருமுட்டை வெளியேறிய நாளைத் துல்லியமாகச் சொல்ல உங்களுக்கு அடுத்த மாதவிடாய்த் தேதி தெரியவேண்டும். அதாவது விஷயம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தெரியும். நான் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் துறையில் இது தினசரி அனுபவம். லாக் ஃபைலைப் பார்த்து நேற்று ராத்திரி சர்வர் எத்தனை மணிக்கு விழுந்தது என்று நொடி சுத்தமாகச் சொல்லலாம். அடுத்து எப்போது விழும் என்று அதே ஃபைலை வைத்துச் சொல்லச் சொன்னால் கையைப் பிசையவேண்டியதுதான்.

நம் மொழிக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. கர்ப்பமாக இருப்பவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். மாதவிடாய் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரவில்லை, அதனால் தெரிந்தது என்று அர்த்தம். 'நாள் தள்ளிப்போச்சு' என்பதும் அப்படித்தான். வராத ஒரு தேதியை வைத்துப் பின்னோக்கிப் புரிந்துகொண்ட செய்தி.

ஒகினோ இந்தக் கண்டுபிடிப்பைக் கருத்தடைக்காகச் செய்யவில்லை. தன் கணக்கைக் கருத்தடையாகப் பயன்படுத்துவதை எதிர்க்கவும் செய்தார். அது அவ்வளவு நம்பகமானது இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனா உலகம் முழுக்க அந்த முறை அவர் பெயரிலேயே பரவியது.

பரவிய சூத்திரம் இது. குறைந்தது ஆறு மாதமாவது சுழற்சியின் நீளத்தைக் குறித்து வையுங்கள். மிகச் சிறிய சுழற்சியிலிருந்து 18ஐக் கழியுங்கள், மிக நீண்டதிலிருந்து 11ஐக் கழியுங்கள். இடைப்பட்டவை கரு தரிக்கும் நாட்கள். சுழற்சி 26 முதல் 31 நாட்களுக்குள் இருக்கும் பெண்ணுக்கு 8ஆம் நாளிலிருந்து 20ஆம் நாள்வரை சிவப்பு மணி. 24க்கும் 35க்கும் இடையே ஊசலாடும் பெண்ணுக்கு 6லிருந்து 24வரை, பத்தொன்பது நாள் சிவப்பு. முதல் ஐந்து நாள் மாதவிடாயையும் சேர்த்துக்கொண்டால் மாதத்தில் மிச்சம் என்ன? பால் கொடுக்கும் தாய்க்கு, அடுத்த மாதவிடாய் எப்போது என்றே தெரியாத மாதங்களில், இந்தச் சூத்திரத்தில் போட எண்ணே கிடையாது. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் இளமைக்காலத்தில் பெரும்பகுதி கர்ப்பத்திலோ பால் கொடுப்பதிலோ போயிருக்கும். அவள் கழுத்தில் மாட்ட எந்த மாலையைக் கோப்பது?

இதெல்லாம் சரியாக அமைந்தாலும், சிவப்பு மணி வந்த ராத்திரியில் 'இன்னிக்கு வேண்டாம்' என்று அவள் சொல்லவேண்டும், அவன் கேட்கவேண்டும். அந்தப் பகுதிக்குச் சூத்திரம் எதுவும் இல்லை.

3

இந்தக் கணக்கை மிகத் தீவிரமாகக் கையில் எடுத்தது கத்தோலிக்க உலகம். செயற்கைக் கருத்தடையை 1930ல் போப் பதினோராம் பயஸ் கண்டித்தார். 1932ல் லியோ லாட்ஸ் என்ற சிகாகோ மருத்துவர் 'தி ரிதம்' என்று ஒரு சிறு புத்தகம் எழுதி இந்த முறையை வீடுகளுக்குள் கொண்டுபோனார். 1951ல் இத்தாலியச் செவிலித் தாய்மார்களிடம் பேசிய போப் பன்னிரண்டாம் பயஸ், தகுந்த காரணம் இருந்தால் தம்பதியர் அந்த நாட்களைக் கணக்கில் கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டார். நாட்காட்டி இயற்கை, ரப்பர் செயற்கை என்று கோடு விழுந்தது.

இந்தக் கோட்டை அழிக்கப் பார்த்த ஒருவர் ஜான் ராக். பாஸ்டன் மருத்துவர், தினமும் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். 1936லேயே ரிதம் முறைக்கென்று ஒரு கிளினிக் திறந்தவர். பின்னாளில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே. அமெரிக்காவில் 1960ல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மாத்திரை கருமுட்டை வெளியேறுவதை நிறுத்துகிறது; உடம்பு தானே சுரக்கும் ஹார்மோன் கர்ப்பகாலத்தில் செய்வதும் அதையேதான்; ஆகவே மாத்திரையும் பாதுகாப்பான நாட்களை நீட்டித்துத் தரும் ஓர் இயற்கை முறைதான். 1963ல் எழுதிய புத்தகத்தில் அவர் வாதம் இப்படிப் போனது. மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் இடைவெளி என்ற ஏற்பாடும் அந்த எண்ணத்தோடு ஒத்துப்போனது. அந்த ஒரு வாரத்தில் வரும் ரத்தப்போக்கு உண்மையில் மாதவிடாய் அல்ல, ஹார்மோன் நின்றதால் வருவது. மாதாமாதம் வந்தால் பெண்களுக்கு நிம்மதியாக இருக்கும், இயற்கையாகவும் தெரியும். 1968ல் போப் ஆறாம் பால் இந்த வாதத்தை நிராகரித்தார்.

இதைச் சொல்வதற்குக் காரணம், 'இயற்கை' என்ற சொல் எவ்வளவு வளையக்கூடியது என்று காட்டத்தான். வார்தாவில் அது சுயகட்டுப்பாடு. ரோமில் அது இறைவனின் ஒழுங்கு. பாஸ்டனில் அதே சொல் ஒரு மாத்திரைப் பட்டையின் வடிவமைப்பு.

மாத்திரையிலிருந்து விலகிப்போன பெண்களின் பக்கமும் நியாயம் இருந்தது. முதலில் வந்த எனோவிட் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 150 மைக்ரோகிராம். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35. அந்த அளவுக்குக் குறைய, ரத்தக்கட்டி வந்த பெண்கள் இருந்தார்கள், தலைவலியும் வாந்தியும் மனச்சோர்வும் இருந்தன. 1956லிருந்து போர்ட்டோ ரிக்கோவில் நடந்த சோதனைகளிலேயே பெண்கள் பக்கவிளைவுகளைச் சொன்னார்கள். மனப்பிரமை என்று அவை தள்ளப்பட்டன. 1969ல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் இதைப் புத்தகமாக எழுதினார். மறுவருஷம் அமெரிக்க செனட் விசாரித்தது. பிறகே மாத்திரைப் பெட்டிக்குள் எச்சரிக்கைத் தாள் வந்தது. 'நான் சொன்னதை டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை' என்பதுதான் பல பெண்கள் இயற்கையைத் தேடிப்போன பாதையின் முதல் அடி. இன்றும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

4

அரை நூற்றாண்டு கழித்து மாலை திரும்பி வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 'சைக்கிள் பீட்ஸ்' என்று 32 மணிகள் கொண்ட மாலையை உருவாக்கினார்கள். மாதவிடாயின் முதல் நாள் சிவப்பு மணி. 8ஆம் நாளிலிருந்து 19வரை வெள்ளை மணி, அந்தப் பன்னிரண்டு நாளும் விலகியிருக்கவேண்டும் அல்லது ஆணுறை வேண்டும். தொல்காப்பியத்துக்கும் இதற்கும் உறவில்லை, எண் ஒன்றாக அமைந்தது தற்செயல். இந்த முறை ராமநகரத்திலிருந்து ஒரு பாடம் கற்றிருந்தார்கள். சுழற்சி 26 முதல் 32 நாட்களுக்குள் ஒழுங்காக இருக்கும் பெண்களுக்கு மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னபடி பின்பற்றினால் வருஷத்துக்கு நூறு பெண்களில் ஐந்துக்கும் குறைவானவர்களும், நடைமுறையில் பன்னிரண்டு பேரும் கர்ப்பமானார்கள்.

அடுத்து ஆப் வந்தது. ஸ்வீடனின் எலினா பெர்க்லுண்ட் இயற்பியலாளர், செர்னில் ஹிக்ஸ் போசானைத் தேடிய குழுக்களில் ஒன்றில் இருந்தவர். கணவரோடு சேர்ந்து 'நேச்சுரல் சைக்கிள்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். காலையில் எழுந்தவுடன் உடல் வெப்பநிலையை ஆப்பில் பதியவேண்டும். அல்காரிதம் அன்றைக்குப் பச்சையா சிவப்பா என்று சொல்லும். அதே நிறங்கள்! 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதைக் கருத்தடைச் சாதனமாக அனுமதித்தது. சரியாகப் பயன்படுத்தினால் வருஷத்துக்கு 1.8 சதவீதம், நடைமுறையில் 6.5 சதவீதம் தோல்வி.

அதே வருஷத் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் பெரிய மருத்துவமனை ஒன்று, நான்கு மாதத்தில் கருக்கலைப்புக்கு வந்த 668 பெண்களில் 37 பேர் இந்த ஆப்பை நம்பியிருந்தவர்கள் என்று புகார் கொடுத்தது. ஸ்வீடன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விசாரித்துவிட்டு, நிறுவனம் ஏற்கெனவே சொன்ன தோல்வி விகிதத்துக்குள்தான் இது வருகிறது என்றது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நூற்றுக்கு ஏழு என்பது காகிதத்தில் சின்ன எண். லட்சக்கணக்கில் ஆட்கள் பயன்படுத்தும்போது அது ஒரு மருத்துவமனை வராந்தாவை நிரப்பும். பிரிட்டனில் விளம்பரத் தர ஆணையம் 'மிகத் துல்லியமான கருத்தடை ஆப்' என்ற அவர்களுடைய விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது.

ராமநகரத்துப் பெண்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஸ்டாக்ஹோம் பெண்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனா கணக்கு அதே கணக்குதான். வெப்பநிலை கருமுட்டை வெளியேறிய பிறகுதான் ஏறும். ரயில் போன பிறகு அடிக்கும் மணி அது. விந்தணு ஐந்து நாட்கள்வரை உயிரோடு காத்திருக்கும். ஆகவே ஆபத்தான நாட்களில் பெரும்பகுதி மணி அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். அந்த நாட்களை அல்காரிதம் பழைய மாதங்களை வைத்து ஊகிக்கவேண்டும். 2000ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கரு தரிக்கும் ஆறு நாட்களும் பாடப்புத்தகம் சொல்லும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் முழுதாக அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கு மட்டும். நேச்சுரல் சைக்கிள்ஸின் தரவை வைத்தே 2019ல் ஒரு ஆய்வு வந்தது. 6 லட்சத்து 12 ஆயிரம் சுழற்சிகளில் 28 நாள் கொண்டவை 13 சதவீதம்தான். நாம் பள்ளியில் படித்த 'சாதாரண' சுழற்சி, எட்டில் ஒன்று.

ஒப்பிட்டுப் பார்க்க மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன். நடைமுறைப் பயன்பாட்டில், வருஷத்துக்கு நூறு பெண்களில் கர்ப்பமாவோர்: காப்பர் டி ஒன்றுக்கும் குறைவு, மாத்திரை 7, ஆணுறை 13, நாள் கணக்கு முறைகள் எதைச் செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து 2 முதல் 23வரை. இதில் எது நல்லது என்று நான் சொல்லமுடியாது. குழந்தை இரண்டு வருஷம் தள்ளிப்போனால் நல்லது, வந்தாலும் சந்தோஷம் என்றிருக்கும் தம்பதிக்கு நாள் கணக்கு போதும். வந்தால் வேலையோ உடம்போ உயிரோ போய்விடும் என்ற நிலையில் இருப்பவளுக்குப் போதாது. கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தவறினால் கொடுக்கவேண்டிய விலை வேறு.

5

அப்படியென்றால் மாதக் கணக்கு எழுதுவதே வீணா? இல்லை. கருத்தடையில் அதன் பலவீனமாக இருப்பது, மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகளில் அதன் பலமாக மாறுகிறது.

1931ல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் 'மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம்' பற்றி எழுதினார். ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பதே காரணம் என்று நினைத்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் சூலகத்துக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்! 1953ல் பிரிட்டனின் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் அதற்கு 'ப்ரீமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். நாம் பிஎம்எஸ் என்கிறோம். டால்டன் காலம் முழுக்க ப்ரோஜெஸ்ட்டிரோன் கொடுத்துவந்தார். பிற்காலச் சோதனைகளில் அதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

1998ல்தான் ஒரு முக்கியமான முடிச்சு அவிழ்ந்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஷ்மிட், ரூபினோ குழுவினர் பிஎம்எஸ் உள்ள பெண்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சூலகச் சுரப்பை மருந்தால் நிறுத்தினார்கள். பிஎம்எஸ் உள்ளவர்களில் பாதிப்பேருக்குத் தொல்லை அடங்கியது. அவர்களுக்கு ஹார்மோன்களை மறுபடி கொடுத்தபோது தொல்லை திரும்ப வந்தது. பிஎம்எஸ் இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன்கள் எதுவும் செய்யவில்லை. அதாவது ஹார்மோன் அதிகம் என்பதில்லை. சாதாரண அளவு ஹார்மோனுக்கே சிலருடைய மூளை வேறுவிதமாக எதிர்வினை காட்டுகிறது. 'எல்லாருக்கும்தானே வருது, உனக்கு மட்டும் என்ன' என்று கேட்கும் மாமியாருக்கும் மேனேஜருக்கும் இதில் பதில் இருக்கிறது.

பிஎம்எஸ்ஸை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு அன்றன்றைக்கு எழுதிய குறிப்புகள்தான் பரிசோதனை. ஏன் அன்றன்றைக்கு? 1988ல் கனடாவில் பெண்களையும் ஆண்களையும் தினசரி மனநிலையைப் பதியச் சொன்னார்கள். மாதச் சுழற்சியைவிட வாரத்தின் நாட்களோடுதான் மனநிலை அதிகம் ஏறி இறங்கியது. ஆனால் பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது, பெண்கள் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களைத் தாங்களே எழுதியதைவிட மோசமாக நினைவுகூர்ந்தார்கள். நினைவு, ஊர் சொல்லும் கதையோடு சேர்ந்துகொள்கிறது. நோட்டு சேராது.

அந்த நோட்டில் பின்னோக்கிப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும். தொல்லைகள் கடைசி இரண்டு வாரத்தில் ஏறி, மாதவிடாய் வந்த சில நாளில் முழுதாக இறங்கினால் அது பிஎம்எஸ். மாதம் முழுக்க இருந்து அந்த நாட்களில் கூடினால், அடியில் மனச்சோர்வோ தைராய்டோ வேறு ஏதோ இருக்கலாம். அதற்குத் தனியாகப் பார்க்கவேண்டும். ஒழுங்கே இல்லாமல் வந்தால், அந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கையும் வீட்டையும்தான் சந்தேகப்படவேண்டும். எரிச்சலுக்கு நியாயமான காரணம் இருக்கும்போது 'பீரியட்ஸ் வரப்போகுதா?' என்று கேட்டு அதைச் செல்லாக்காசாக்குவது பழைய தந்திரம். நோட்டு அதற்கும் பதில் வைத்திருக்கும்.

இயற்கையாகச் சமாளிப்பதற்கும் ஆதாரம் உள்ளவை சில உண்டு. 1998ல் நடந்த பெரிய சோதனையில் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்த பெண்களுக்கு மூன்றாவது சுழற்சியில் தொல்லைகள் 48 சதவீதம் குறைந்தன. வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தன என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 300, நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். உடற்பயிற்சிக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. பி6 வைட்டமின் சிலருக்கு உதவலாம், ஆனா அதிக அளவில் நீண்டநாள் எடுத்தால் நரம்பைப் பாதிக்கும். இயற்கை என்பதால் அளவு இல்லை என்று ஆகாது. ஐரோப்பாவில் சோதித்துப் பலன் கண்ட மூலிகை ஒன்று நம் நொச்சியின் உறவுக்காரச் செடி. உறவுக்காரச் செடிதான், நொச்சி அல்ல. நொச்சியைக் கஷாயம் போட அந்தச் சோதனை சான்றாகாது.

தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகும் கடுமையான வடிவத்துக்கு பிஎம்டிடி என்று பெயர். 2013ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதைத் தனி நோயாகச் சேர்த்தது. அதற்குக் கேழ்வரகுக் கூழ் போதாது. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள், சிலருக்கு அந்த இரண்டு வாரம் மட்டும் எடுத்தாலும், நன்றாக வேலை செய்கின்றன. கருத்தடை மாத்திரையில் ஒரு வகையே அதற்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. எதிலிருந்து தப்பி ஒரு பெண் இயற்கைக்கு வந்தாளோ, அதுவே இன்னொருத்திக்கு மாதத்தில் பத்து நாளைத் திருப்பிக் கொடுக்கிறது.

6

ராமநகரத்துக்குப் பிறகு இந்தியா எங்கே போனது என்று நமக்குத் தெரியும். அறுபதுகளில் லூப், 1968ல் நிரோத், நெருக்கடி நிலையில் கட்டாய அறுவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் கணக்கில் வருவது 0.3 சதவீதம். ஆண்களுக்கான அறுவை எளிது, சீக்கிரம் ஆறும் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். மணிமாலையில் தொடங்கி ஆபரேஷன் தியேட்டர்வரை சாதனம் மாறியிருக்கிறது, சுமக்கும் உடம்பு மாறவில்லை.

அதனால் இயற்கையா செயற்கையா என்ற கேள்வியைவிட எனக்கு வேறு இரண்டு கேள்விகள் முக்கியமாகப் படுகின்றன. கணக்கு தவறினால் யார் விலை கொடுப்பார்கள்? சிவப்பு நாளில் யார் சொல் நிற்கும்? இரண்டுக்கும் திருப்தியான பதில் இருக்கும் வீட்டில் நாள் கணக்கு ஒரு நல்ல கருத்தடை முறைதான். இல்லாத வீட்டில் அது கருத்தடையே இல்லை. அங்கே அந்தப் பெண்ணுக்கு யாரையும் கேட்காமல் வேலை செய்யும் ஒன்று வேண்டும்.

நோட்டை மட்டும் எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். தேதி, தூக்கம், வலி, மனசு, அன்றைக்கு நடந்தது ஒன்று. இரண்டு வரி போதும், அறுபது நாள் போதும். அடுத்த தடவை டாக்டர் 'இதெல்லாம் சகஜம்மா' என்று சொல்லி மருந்துச் சீட்டை நீட்டும்போது, அதை மேஜைமேல் திறந்து வைத்து, 'இந்தப் பத்து நாளைப் பாருங்க டாக்டர்' என்று சொல்லலாம்.